எப்.ஐ.ஆர். போட்டாச்சு, அப்புறம் என்ன ஆச்சு? பெண்கள் கொடுக்கும் புகார் எந்த வாசலில் நிற்கிறது

நெல்லை:

பெண்ணை தாக்கிய கணவர் கைது, மாணவிக்கு பாலியல் தொல்லை கொடுத்த வாலிபர் கைது என்று தினமும் செய்தி வருகிறது. முகத்தை மூடிக்கொண்டு போலீஸ் வேனில் ஏறும் படமும் வருகிறது. டீக்கடையில் நாலு பேர் படித்துவிட்டு, "நல்லா வேணும்லே அவனுக்கு" என்று சொல்வதோடு ஊருக்கு அந்த கதை முடிந்துவிடும். புகார் கொடுத்த பெண்ணுக்கோ அன்றுதான் கதையே ஆரம்பம்.

போலீஸ் நிலையம், ஆஸ்பத்திரி, மாஜிஸ்திரேட்டு கோர்ட்டு, மகளிர் கோர்ட்டு என்று அவர் வாசல் வாசலாக ஏறி இறங்க வேண்டும். எந்த வாசலில் எத்தனை நாளில் என்ன நடக்க வேண்டும் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. அந்த கெடுவை யாராவது கணக்கு பார்க்கிறார்களா? பாதிக்கப்பட்ட பெண்ணே எப்படி பார்ப்பது?

"இது எங்க லிமிட் இல்லம்மா"

முதல் வாசலிலேயே பலர் திரும்பி விடுகிறார்கள். தாமிரபரணி பாபநாசத்தில் இறங்கி கடலுக்கு போவதற்குள் நெல்லை மாவட்ட போலீஸ், நெல்லை மாநகர போலீஸ், தூத்துக்குடி மாவட்ட போலீஸ் என்று 3 எல்லைகளை தாண்டுகிறது. 2019ல் தென்காசி தனி மாவட்டம் ஆனதில் இன்னொரு எல்லையும் சேர்ந்தது. பிறந்த வீடு ஒரு லிமிட்டிலும் புகுந்த வீடு இன்னொரு லிமிட்டிலும் இருக்கும் பெண் எங்கே போவார்?

எங்கே வேண்டுமானாலும் போகலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 173வது பிரிவு, சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் புகாரை வாங்க வேண்டும் என்கிறது. பாலியல் குற்றம் என்றால் பெண் போலீஸ்தான் எழுத வேண்டும். எப்.ஐ.ஆர். நகலை காசு வாங்காமல் கையில் கொடுக்க வேண்டும். பலாத்கார புகாரை பதிவு செய்யாமல் இழுத்தடிக்கும் அதிகாரிக்கே 6 மாதத்தில் இருந்து 2 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு.

இங்கே ஒரு விஷயத்தை கவனிக்க வேண்டும். பல பெண்கள் "கேஸ் போட்டாச்சு" என்று நினைத்து பத்திரமாக மடித்து வைத்திருப்பது சி.எஸ்.ஆர். என்ற மனு ரசீதுதான். மனு வந்தது என்பதற்கு மட்டும்தான் அது அத்தாட்சி. வழக்கு என்றால் எப்.ஐ.ஆர். நம்பர் இருக்க வேண்டும். கைது செய்து தண்டிக்கக்கூடிய குற்றம் புகாரில் தெரிந்தால் வழக்கு பதிந்தே ஆக வேண்டும் என்று 2013ல் லலிதா குமாரி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. பதிவு செய்ய மறுத்தால் எஸ்.பி.க்கு, மாநகரம் என்றால் கமிஷனருக்கு, தபாலில் எழுதி அனுப்பலாம். அங்கேயும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். தபால் ரசீதை தொலைக்கக்கூடாது.

ஆஸ்பத்திரியில்

பலாத்கார புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவ பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பெண்ணின் சம்மதம் கட்டாயம். அரசு ஆஸ்பத்திரி என்றாலும் தனியார் ஆஸ்பத்திரி என்றாலும் சிகிச்சைக்கு பணம் கேட்கக்கூடாது. 7 நாளில் டாக்டர் அறிக்கை விசாரணை அதிகாரிக்கு போக வேண்டும்.

இரு விரல் பரிசோதனை என்று ஒன்று இருந்தது. பெண் ஏற்கனவே உறவுக்கு பழக்கப்பட்டவரா என்று பார்ப்பதாக சொல்லி அவமானப்படுத்தும் முறை. அது தவறு என்று 2013லேயே சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 2022ல் சென்னை ஐகோர்ட்டு, தமிழ்நாட்டில் அதை தடை செய்ய அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு, இனி இதை செய்பவர் மீது ஒழுங்கு நடவடிக்கை பாயும் என்று எச்சரித்தது. ஒரே விஷயத்தை இத்தனை முறை சொல்ல வேண்டி வந்தது ஏன்? உத்தரவு போட்டால் நின்றுவிடும் என்று நம்ப முடியாததால்தான்.

பெயர் கசிந்தால்

பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை வெளியிட்டால் 2 ஆண்டு வரை ஜெயில். இந்த சட்டத்தை காப்பாற்ற வேண்டியவர்களே மீறிய கதை நம் மாநிலத்தில் உண்டு. 2019ல் பொள்ளாச்சி சம்பவம் வெடித்தபோது, பெண்ணின் பெயரை மாவட்ட போலீஸ் உயர் அதிகாரியே நிருபர்களிடம் சொன்னார். வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் இருந்தது. நெல்லை வழக்குகளும் போகும் மதுரை ஐகோர்ட்டு கிளைதான் அதை கண்டித்து, அந்த பெண்ணுக்கு ரூ.25 லட்சம் வழங்க உத்தரவிட்டது.

5 ஆண்டு கழித்து 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கில் எப்.ஐ.ஆரே இணையதளம் வழியாக வெளியே போய்விட்டது. மறுபடியும் ஐகோர்ட்டு தலையிட்டது. மறுபடியும் ரூ.25 லட்சம். ஒரு பெண்ணின் பெயர் கசிந்ததை பார்த்து வீட்டோடு முடங்கிப்போகும் மற்ற பெண்களை எந்த புள்ளிவிவரத்திலும் சேர்ப்பதில்லை.

ஆனால் அந்த 2 வழக்குகளிலும் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பொள்ளாச்சி வழக்கில் 2025 மே 13ந்தேதி கோவை மகளிர் கோர்ட்டு 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. மூடிய கோர்ட்டில் விசாரணை நடந்தது. ஒரு சாட்சிகூட பல்டி அடிக்கவில்லை என்று அரசு வக்கீல் சொன்னார். அண்ணா பல்கலைக்கழக வழக்கில் பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் குழு விசாரித்தது. சம்பவம் நடந்து 6 மாதத்துக்குள், 2025 ஜூன் 2ந்தேதி தண்டனை அறிவிக்கப்பட்டது. ஊரே பார்த்துக்கொண்டிருந்த வழக்கு, அதனால் ஓடியது. பேப்பரில் ஒரு நாள் மட்டும் வந்துபோன வழக்கும் இந்த வேகத்தில் ஓடுமா?

வாச்சாத்திக்கு 31 ஆண்டு

யாரும் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியை விட பெரிய சாட்சி வேண்டாம். 1992 ஜூன் 20ந்தேதி சந்தன கட்டை தேடுவதாக சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் மலைவாழ் மக்களின் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டனர். அடித்தவர்களே அரசாங்க ஊழியர்கள் என்றால் புகாரை யாரிடம் கொடுப்பது? கோர்ட்டு படியேறி போராடிய பிறகு 1995ல்தான் வழக்கு சி.பி.ஐ.க்கு போனது.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29ந்தேதி தர்மபுரி கோர்ட்டு தீர்ப்பு சொன்னபோது அதில் 54 பேர் இறந்தே போயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அப்பீல் இன்னும் 12 ஆண்டு ஓடியது. ஐகோர்ட்டு நீதிபதி பி.வேல்முருகன் நேரில் வாச்சாத்திக்கே போய் பார்த்துவிட்டு, 2023 செப்டம்பர் 29ந்தேதி அப்பீல்களை தள்ளுபடி செய்தார். பெண்களுக்கு தலா ரூ.10 லட்சம், அதில் பாதியை குற்றவாளிகளிடம் வசூலிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார். 18 பேரில் சிலர் அதற்குள் இறந்துவிட்டார்கள். பெரிய வீட்டு பெண்களுக்கு நடந்திருந்தால் இத்தனை ஆண்டு ஆகியிருக்காது என்பதை சொல்ல சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை.

வாய்தா கணக்கு

இன்றைய சட்டப்படி பலாத்கார வழக்கு, போக்சோ வழக்கில் 2 மாதத்தில் புலன் விசாரணை முடிய வேண்டும். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்கு போலீசார் தெரிவிக்க வேண்டும். பலாத்கார வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கலாகி 2 மாதத்தில் கோர்ட்டு விசாரணையும் முடிய வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் என்ன நடக்கிறது என்று பாளை கோர்ட்டு வாசலில் நிற்கும் யாரை கேட்டாலும் சொல்வார்கள். முக்கூடலில் இருந்தோ அம்பையில் இருந்தோ பஸ் ஏறி வரும் பீடி சுற்றும் பெண்ணுக்கு, ஒரு வாய்தா என்றால் ஒரு நாள் கூலி போச்சு. "இன்னைக்கு ஐயா லீவும்மா" என்று நாலு முறை கேட்டால் ஐந்தாவது முறை வர மனசு வருமா? சமரசம் பேச ஆட்கள் வீட்டுக்கு வருவது சரியாக அந்த நேரத்தில்தான்.

சமரசத்தை கோர்ட்டே சொன்ன சம்பவமும் உண்டு. 2015ல் பலாத்கார வழக்கில் தண்டனை பெற்றவரை, அந்த பெண்ணிடம் சமரசம் பேச சென்னை ஐகோர்ட்டு ஜாமீனில் விட்டது. "அவனோட பேச எனக்கு ஒண்ணும் இல்ல" என்கிற நிலையில் அந்த பெண் உறுதியாக நின்றார். இப்படிப்பட்ட வழக்கில் சமரசத்துக்கே இடமில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு வேறொரு வழக்கில் சொன்ன பிறகு, அடுத்த மாதமே ஐகோர்ட்டு உத்தரவை திரும்ப பெற்றது.

தேசிய குற்ற ஆவண காப்பகத்தின் 2019ம் ஆண்டு கணக்கில், விசாரணை முடிந்த பலாத்கார வழக்குகளில் 100க்கு சுமார் 28ல்தான் தண்டனை. விசாரணை முடியாமல் கிடப்பவை இந்த கணக்கில் வராது.

யார் பார்ப்பது?

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1992ல் "வாட்ச்" என்ற அமைப்பு தொடங்கினார்கள். சிவப்பு அட்டையுடன் தன்னார்வலர்கள் கோர்ட்டு பெஞ்சில் உட்கார்ந்து, வழக்கு எத்தனை முறை தள்ளிப்போனது, பெண்ணிடம் எப்படி பேசினார்கள் என்று குறித்துக்கொள்வார்கள். நம்ம ஊரில் பலாத்கார வழக்கு மூடிய கோர்ட்டில் நடக்கும். வெளியாள் உட்கார முடியாது. அது பெண்ணின் நன்மைக்குத்தான். அதனால் வெளியே இருந்து தேதிகளைத்தான் கண்காணிக்க வேண்டும்.

2 மாத கெடுவை தாண்டிய பாலியல் வழக்குகளை கண்காணிக்க 2019 முதல் மத்திய அரசின் கம்ப்யூட்டர் முறை இருக்கிறது. ஆனால் அதை போலீஸ் அதிகாரிகள் மட்டும்தான் பார்க்கலாம். பொதுமக்களுக்கு தகவல் உரிமை சட்டம் உண்டு. 10 ரூபாய் கோர்ட்டு வில்லை ஒட்டி, "எங்கள் மாவட்டத்தில் கடந்த ஆண்டு எத்தனை வழக்கு பதிவானது, எத்தனையில் குற்றப்பத்திரிகை போட்டீர்கள், எத்தனையை கைவிட்டீர்கள்" என்று கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். யாருடைய பெயரும் தேவையில்லை, எண்ணிக்கை போதும். மகளிர் சுய உதவி குழுக்கள் ஆண்டுக்கு ஒருமுறை இதை கேட்டாலே ஸ்டேஷன்களில் கொஞ்சம் பயம் வரும் என்பது நம் கருத்து.

தனி வழக்கு என்றால் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வக்கீலிடம் வாங்கி, இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் அடுத்த வாய்தா எப்போது என்று பேரனை விட்டு செல்போனில் பார்க்கலாம். சொந்த வக்கீல் வைக்க பணம் இல்லாவிட்டால் சட்ட உதவி உண்டு. பெண் என்றால் வருமான கணக்கே கேட்கக்கூடாது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் பிடிக்கலாம். நஷ்டஈட்டு மனுவும் அங்கேதான். தீர்ப்பு வரை காத்திருக்காமல் இடைக்கால உதவி கேட்கலாம். எதிரி விடுதலையானால் பாதிக்கப்பட்ட பெண்ணே அப்பீல் போகலாம், அரசு போகட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

வீட்டுக்குள் அடி, உதை என்றால் பாதை வேறு. 2005ம் ஆண்டு குடும்ப வன்முறை சட்டப்படி மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாம். மனு கோர்ட்டுக்கு போன 3 நாளில் முதல் விசாரணை, அந்த முதல் விசாரணையில் இருந்து 60 நாளில் முடிக்க முயற்சி என்பது சட்டத்திலேயே இருக்கிறது. முதல் விசாரணை தேதியை காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 61வது நாள் கேட்க வேண்டிய கேள்வி அது. ராத்திரி நேரத்தில் அவசரம் என்றால் 181, போலீசுக்கு 112, குழந்தைகளுக்கு 1098.