பிறர்க்காக ஒரு மிதிவண்டிப் பயணம்

"ஊர் கூடித் தேர் இழுப்பது" என்பது நம் பக்கத்தில் பழமொழி மட்டுமன்று. கண்ணால் காணும் காட்சியும் ஆகும். திருவாரூர் ஆழித்தேர் அசையும்போது வடம் பிடிக்கும் அத்தனை பேரும் ஒரே வலிமை உடையவர் அல்லர். தோள் திரண்ட இளைஞரும் இருப்பர். வடத்தைத் தொட்டால் போதும் என்று வந்த பாட்டியும் இருப்பார். தேர் அவர்களுள் எவர் ஒருவருடைய வேகத்திலும் போவதில்லை; எல்லாரும் சேர்ந்த வேகத்தில்தான் போகிறது.

நண்பர்களும் குடும்பத்தாரும் ஒன்றுகூடி, பல நாள் சைக்கிள் மிதித்து, அதன் வாயிலாகப் பிறர்க்குப் பொருளுதவி திரட்டும் வழக்கம் இன்று உலகின் பல பகுதிகளில் பரவியிருக்கிறது. அதுவும் ஒரு தேர்தான். அது எவ்வாறு நடைபெறுகிறது, நம்மால் இயலுமா, அதில் எங்கே தவறு நேரக்கூடும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நம் ஊர் வழியே சென்ற ஒரு பயணம்

ஒரு நோக்கத்துக்காகப் பல நாள் கூட்டமாகச் செல்வது நம் மண்ணுக்குப் புதிதன்று. 1930 ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜியின் தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தனர். தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக ஏறக்குறைய 240 கிலோமீட்டர் நடந்து ஏப்ரல் 28ஆம் நாள் வேதாரண்யம் அடைந்தனர். தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர் தண்டிக்கப்படுவர் என்று அன்றைய தஞ்சை மாவட்டக் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். அப்படியும் மக்கள் சும்மா இருக்கவில்லை. சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டி வைத்தனர் என்று பெரியோர் கூறுவர்.

கணக்கிட்டுப் பாருங்கள்: 15 நாளில் 240 கிலோமீட்டர்; நாளொன்றுக்குச் சராசரி 16 கிலோமீட்டர். இது சைக்கிளில் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைந்த தூரமே. அப்பயணத்தின் பெருமை வேகத்தில் இல்லை. யாரும் பின்தங்காமல் ஒன்றாகச் சென்றதிலும், வழியில் உள்ளோர் அதைத் தம் பயணமாக ஏற்றுக்கொண்டதிலும்தான் இருந்தது.

பெண்கள் மிதித்த வரலாறு

"பெண் பிள்ளைகள் பல நாள் சைக்கிளில் போவதா?" என்று தயங்கும் பெற்றோருக்கு அண்டை மாவட்டமான புதுக்கோட்டை விடை சொல்லும். 1991ஆம் ஆண்டு அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியைத் தொடங்கியபோது, அன்றைய மாவட்ட ஆட்சித் தலைவர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் பெண்கள் சைக்கிள் கற்பதையும் அதன் ஒரு பகுதி ஆக்கினார். எழுத்துச் சொல்லித் தரும் பெண், ஊர் ஊராகச் செல்லப் பிறரை எதிர்பார்க்கக் கூடாது என்பது அதன் பொருள். வயலில் வேலை செய்யும் பெண்களும், கல் உடைக்கும் பெண்களும், செவிலியரும், ஆசிரியைகளும் மிதிக்கக் கற்றனர். 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொதுமக்கள் முன்னிலையில் தம் திறமையைக் காட்டினர் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியுள்ளார். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினர். அதன் முன் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு!

இன்று தமிழக அரசு பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கி வருகிறது. ஆகவே மிதிக்கத் தெரியுமா என்பது இப்போது கேள்வி இல்லை. அதைக் கொண்டு பிறர்க்கு என்ன செய்யப் போகிறோம் என்பதே கேள்வி.

நிதி திரட்டும் பயணங்கள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பில்லி ஸ்டார் என்னும் இளைஞர் தம் தாயை 1974இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். 1980ஆம் ஆண்டு 36 பேரைச் சேர்த்துக்கொண்டு அம்மாநிலத்தின் குறுக்கே இரண்டு நாள் சைக்கிள் பயணம் சென்றார். புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்று அவர்கள் திரட்டியது 10,200 டாலர். அப்பயணம் ஆண்டுதோறும் தொடர்ந்தது. 2024ஆம் ஆண்டுக்குள் அது திரட்டிய மொத்தத் தொகை 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. முப்பத்தாறு பேர் இட்ட விதை அது.

நம் நாட்டிலும் 2008ஆம் ஆண்டு நீலகிரி மலைப் பாதைகளில் 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' என்னும் குழுப் பயணம் தொடங்கியது. டிசம்பர் மாதத்தில், ஒரு வாரத்தை ஒட்டி, கர்நாடகத்தையும் தமிழ்நாட்டையும் தொட்டுச் செல்வது அது. மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அங்கே தேர்ந்த வீரர்களுக்கே மூச்சு வாங்கும். இதில் பங்கேற்போர் சிலர் தம் நண்பர்களிடமும் உறவினரிடமும் நன்கொடை திரட்டி, ஏழைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுக்க உதவுகின்றனர். தாம் சைக்கிள் மிதித்து இன்னொரு பிள்ளைக்குச் சைக்கிள் தருவது எவ்வளவு பொருத்தமான உதவி!

பணம் எப்படி வருகிறது?

ஒரு மாதிரிப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். மன்னார்குடியிலிருந்து திருவாரூர் ஏறக்குறைய 28 கிலோமீட்டர். அங்கிருந்து நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணி ஏறக்குறைய 36 கிலோமீட்டர். இரண்டு நாளில் சென்று, அதே போல் இரண்டு நாளில் திரும்பினால் மொத்தம் 128 கிலோமீட்டர். இருபது பேர் செல்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் பத்து வீடுகளுக்குச் சென்று, "நான் மிதிக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு ரூபாய் தருவீர்களா?" என்று கேட்கின்றனர். ஒரு வீட்டுக்கு 128 ரூபாய். 200 வீடுகளுக்கு 25,600 ரூபாய்.

இங்கேதான் நாம் நேர்மையாக ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நான்கு நாள் சாப்பாடு, தங்குமிடம், உடன் வரும் வேனுக்கு வாடகை என்று 30,000 ரூபாய் செலவானால், அந்தப் பணத்தை அப்படியே ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்திருக்கலாமே! செலவு வரவை விழுங்குமானால் அதற்குத் தருமம் என்று பெயரில்லை. சுற்றுலா என்றுதான் பெயர். சுற்றுலா செல்வது குற்றமன்று. அதற்குத் தருமம் என்று பெயர் சூட்டுவதே குற்றம்.

ஆகவே முதல் விதி: இரண்டு பைகள் வேண்டும். பயணச் செலவு ஒரு பை. அதைப் பயணம் செய்வோரே தம் கையிலிருந்து போட வேண்டும். நன்கொடை மற்றொரு பை. அதிலிருந்து ஒரு தேநீர்கூடக் குடிக்கக் கூடாது. மேலே சொன்ன அமெரிக்கப் பயணத்திலும் ஓட்டுநர்கள் திரட்டும் தொகை முழுவதும் புற்றுநோய் மையத்துக்கே செல்கிறது. ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கொடுத்து, முடிவில் வரவு செலவுக் கணக்கைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும்.

அப்படியானால் மிதிப்பதன் பயன் என்ன? நம் இருபது பேரும் தம் பையிலிருந்து மட்டும் கொடுத்தால் கொடுப்பவர் இருபது பேர்தான். மிதிப்பதால் இருநூறு வீடுகளின் கதவைத் தட்டுகிறோம். யாருக்காக, ஏன் என்று இருநூறு முறை எடுத்துச் சொல்கிறோம். ஆண்டவர் இயேசு காணிக்கைப் பெட்டி அருகே அமர்ந்து, இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணையே பாராட்டினார். அந்தப் பத்து வீடுகளில் அப்படி ஒரு வீடும் இருக்கும். அங்கே பெறும் ஐந்து ரூபாய்தான் நம்மைக் கடைசி மைல்வரை மிதிக்க வைக்கும்.

எப்போது, எந்த நேரம்?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் பக்கத்தில் மழை. பங்குனிக்குப் பின் வெயில். பொங்கலுக்குப் பிந்திய தை, மாசி மாதங்களே ஏற்றவை. ஆனால் அப்போது சம்பா அறுவடை நடக்கும். சாலையில் நெல்லும், பின்னர் உளுந்துச் செடியும் பரப்பியிருப்பார்கள். அதன்மேல் பிரேக் பிடித்தால் சறுக்கும். வைக்கோல் செயினிலும் சக்கரத்திலும் சுற்றிக்கொள்ளும். இறங்கித் தள்ளிச் செல்வதே நலம். உழவரின் நெல்லை மிதித்துச் செல்லாமல் இருப்பது மரியாதையுங்கூட. மேலும் அந்த மாதங்களில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும். கடலை நோக்கிச் செல்லும்போது எதிர்க்காற்று. திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும்.

காலையில் வெளிச்சம் வந்தபின் புறப்படலாம். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் 28 கிலோமீட்டர் செல்ல இரண்டேகால் மணிக்குச் சற்றுக் கூடுதலாகும். நடுவே இருமுறை இளைப்பாறினாலும் 10 மணி வெயிலுக்கு முன் சேர்ந்துவிடலாம். இருட்டியபின் ஒருபோதும் சாலையில் இருக்கக் கூடாது.

ஆயத்தங்கள்

ஆறு வாரத்துக்கு முன்பே பயிற்சி தொடங்க வேண்டும். முதல் வாரம் 5 கிலோமீட்டர், பிறகு 8, 12 என்று மெல்லக் கூட்டி, 25 கிலோமீட்டரைக் களைப்பின்றி ஓட்டும் நிலை வர வேண்டும். அடுத்தடுத்து இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பது மிக அவசியம். முதல் நாள் யாரும் ஓட்டிவிடுவர். இரண்டாம் நாள் காலையில் சீட்டில் உட்காரும்போதுதான் உண்மை தெரியும்!

சீட்டின் உயரம் சரியாக இருக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் வலிக்கும். புறப்படுமுன் பிரேக் கட்டை, செயின், டயர்க் காற்று ஆகியவற்றைக் கடைக்காரரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். குழுவில் ஐவருக்கு ஒரு பம்பும், பஞ்சர் ஒட்டும் பொருள்களும், மாற்று டியூபும் இருக்கட்டும். பஞ்சர் ஒட்ட மாணவியரே கற்றுக்கொள்வது நல்லது. தலைக்கவசம் எல்லாருக்கும் கட்டாயம்.

தாகம் எடுக்குமுன்பே சிறிது சிறிதாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால் உப்புப் போட்ட நீர்மோர் மிக நல்லது. காலையில் இட்லி, வழியில் வாழைப்பழமும் கடலை மிட்டாயும் போதும்.

பெண்கள் செல்லும் பயணத்தில் முதலில் கேட்க வேண்டியது தூரத்தை அன்று. எங்கெங்கே நல்ல கழிப்பறை இருக்கிறது என்பதையே. தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடமில்லையே என்று அஞ்சித் தாகத்தை அடக்கும் பெண்கள்தாம் வழியில் மயங்கி விழுகின்றனர். ஆகையால் பள்ளிக்கூடம், கன்னியர் இல்லம், பங்குக் கோவில் ஆகியவற்றை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, அவற்றைக் கொண்டே இளைப்பாறும் இடங்களை வகுக்க வேண்டும். பெற்றோரும் உடன் வருவதால் அச்சம் பாதி குறையும். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட தம்பி தங்கையர் ஊருக்குள் சிறிது தூரம் ஓட்டிவிட்டு மீதியை வேனில் வரலாம்.

கடைசி வண்டி

சாலையில் ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து, இடப்புற ஓரமாக ஒருவர்பின் ஒருவராகச் செல்ல வேண்டும். இருவர் பேசிக்கொண்டு பக்கம் பக்கமாக ஓட்டுவது ஆபத்து. முன்னால் செல்பவர் பள்ளம் கண்டால் கையால் காட்ட வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ணுவது கட்டாயம்.

எல்லாவற்றினும் முக்கியமான விதி ஒன்று உண்டு. குழுவிலேயே நன்றாக ஓட்டத் தெரிந்தவர் முன்னால் போகக் கூடாது. கடைசியில் வர வேண்டும். அவருக்கு முன்னே எப்போதும் ஒருவர் இருப்பார். "அக்கா, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்கும் சிறுமியாகவோ, செயின் கழன்று நிற்கும் பெரியவராகவோ அவர் இருக்கலாம். அவருடைய வேகமே குழுவின் வேகம். முடியாதவர் வேனில் ஏறுவதில் வெட்கமில்லை. அவரை ஏளனம் செய்வதில்தான் வெட்கம்.

ஆண்டுதோறும் செப்டம்பர் 8ஆம் நாள் பெருவிழாவுக்குக் காவி உடை அணிந்து வேளாங்கண்ணிக்கு நடந்தும் சைக்கிளிலும் செல்லும் திருப்பயணிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் கால் கொப்புளித்து உட்கார்ந்தால் கூட்டம் நிற்கும். யாரோ மருந்து எடுப்பர். யாரோ அவர் மூட்டையைத் தூக்கிக்கொள்வர்.

நல்ல சமாரியன் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அவரும் ஒரு பயணிதான். அடிபட்டவனைத் தம் விலங்கின்மேல் ஏற்றி, சத்திரத்தில் சேர்த்து, இரண்டு தெனாரியம் கொடுத்தார். அவர் கொடுத்த பணம் பின்னால் வந்தது. முதலில் அவர் தம் பயணத்தை நிறுத்தினார். முன்னே சென்ற இருவருக்கு இல்லாதது பணமன்று, நிற்கும் மனமே.

பிறர்க்காக மிதிக்கப் புறப்படும் தோழியரே! நன்கொடைப் பெட்டி நிறையலாம், நிறையாமலும் போகலாம். ஆனால் நம்மோடு வந்த ஒருத்தி வழியில் தனியே நிற்க, நாம் முன்னே சென்று சேர்ந்தோமென்றால், அந்தப் பயணம் யாருக்காக? தேர் நிலைக்கு வரும்போது வடம் பிடித்த எல்லாரும் அங்கே இருக்க வேண்டும்.