தேயிலையும் காரீய விஷமும்

தேயிலைப் பானம் ஜலத்திலுள்ள விஷ உலோகங்களை நீக்கி உடம்பைக் காக்கும் என்று பலர் சொல்லக் கேட்கிறோம். இதில் எவ்வளவு மெய் என்பதைக் குடியானவர்கள் அறிந்துகொள்ளுதல் நலம்.

2025-ஆம் வருஷத்தில் அமெரிக்காவிலுள்ள நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையார் இதைப்பற்றிய பரிசோதனை முடிவுகளை வெளியிட்டனர். காரீயம் கலந்த ஜலத்தில் தேயிலையை மூன்று முதல் ஐந்து நிமிஷம் வரை ஊறவைத்தால், அக் காரீயத்தில் நூற்றுக்குச் சுமார் 15 பங்கு இலையில் ஒட்டிக்கொள்ளுகிறது. நேரம் ஏற ஏற, ஒட்டும் அளவும் ஏறுகிறது. இலையை வடிகட்டி எறியும்போது ஒட்டிய காரீயமும் உடன் போகிறது. ஆகவே இக் காப்பு உடம்பினுள் நடப்பதன்று, பாத்திரத்தினுள் நடப்பது. மீதி 85 பங்கும் குடிப்பவர் வயிற்றுக்கே செல்லும்.

எலிகளைக்கொண்டு செய்த சில பரிசோதனைகளில் தேயிலைச் சாரம் இவ்விஷங்களின் கேட்டைச் சிறிது தணித்ததுண்டு. ஆயினும் அதை மனிதருக்கு மருந்தெனக் கொள்ளலாகாது. தேயிலையின் துவர்ப்புச் சத்து, கீரை தானியங்களிலுள்ள இரும்புச் சத்தைப் பற்றிக்கொண்டு, உடம்பில் சேரவொட்டாமல் தடுக்கிறது. இரும்புச் சத்துக் குறைந்த உடம்போ காரீயத்தை அதிகமாக ஏற்கும். சோகை பிடித்த குழந்தைக்குச் சாப்பாட்டுடன் தேநீர் கொடுத்தால், காப்பதற்கு மாறாகக் கெடுதலே விளையும். எலும்பில் தங்கிய காரீயம் பல வருஷம் நீங்காது. இளங் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் அது கெடுக்கும்.

ஆதலின் விஷம் வரும் வழியை அடைப்பதே முறை. கவனிக்கவேண்டியவை:

1. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு சுத்த வெள்ளீயத்தால் ஆனதாக இருத்தல் வேண்டும். காரீயம் கலந்திருப்பின் புளிப்பில் கரைந்து இறங்கும். கலப்பைக் கண்ணால் அறிய இயலாது. ஐயமுள்ள சொம்பை விலக்குக. பாத்திரங்களுக்குப் பூசும் ஈயத்துக்கும் இதுவே விதி.

2. பழைய பாட்டரிகளை உடைத்து உருக்கும் இடங்களுக்கு அருகிலுள்ள கிணற்று ஜலத்தைப் பரிசோதனைச் சாலையில் சோதித்த பின்னரே பருகுக.

3. காய்ச்சுவதால் கிருமிகள் சாகும், காரீயம் போகாது. சுண்டச் சுண்ட அது செறியும்.

4. தேநீரை உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்துப் பருகுக. குழந்தைகளுக்கு அது வேண்டுவதில்லை.

தேயிலையை இன்பத்திற்காக அருந்தலாம். அதைக் காவலாக நம்பி, கெட்ட ஜலத்தையும் கெட்ட பாத்திரத்தையும் வைத்துக்கொள்ளலாகாது.