உங்களுக்குத் தெரியுமா? கேமரன் மலையும் மனநலமும்

● கேமரன் மலையில் ஜே.ஏ.ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். அந்தச் சரிவுகளைப் பார்த்ததும் சுற்றுலா போகிறவருக்கு மனசு லேசாகிவிடுகிறது. கூடை சுமந்து கொழுந்து பறித்த தமிழர்களுக்கோ அதே சரிவு முதுகுவலி. அவர்களுக்குத் தெம்பு கொடுத்தது காட்சியல்ல, கூடவே இருந்த சனம்.

● காட்சிக்கும் பலன் உண்டுதான். ஜன்னல் வழியே மரம் தெரிந்த நோயாளிகள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள் என்று 1984இல் ஆய்வாளர் ரோஜர் அல்ரிச் எழுதினார். பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அவர்கள். வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டதாம்.

● தேநீர் தரும் படபடப்பில்லாத விழிப்பில் தியானின் என்ற அமினோ அமிலத்துக்குப் பங்குண்டு. ஜப்பானியர் 1949இல் கண்டறிந்தது. தே தாரிக்கில் ஊற்றும் கெட்டிப்பாலுக்கு இந்தப் பெருமை இல்லை!

● தோட்டங்கள் வருவதற்கு முன்பே இந்த மலைகளில் வாழ்ந்தவர்கள் செமாய் பூர்வகுடிகள். இருவருக்குள் பகை வந்தால் ஊர் கூடிப் பேசுவார்கள். அதற்குப் பெயர் 'பச்சரா'. ஒருவரில்லாமல் ஒருவர் பிழைக்க முடியாது என்பதைப் பெரியவர்கள் முதலில் நினைவூட்டுவார்கள். பிறகு அவரவர் மனக்குறையைக் கொட்டலாம். யாரும் நிறுத்தச் சொல்வதில்லை. பொழுது விடிந்தாலும் சரி, 'இனி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை' என்று எல்லாரும் ஓயும்வரை கூட்டம் கலையாது. அதற்குப்பின் அந்தப் பேச்சை யாரும் எடுக்கக்கூடாது. நம் பஞ்சாயத்துகளில் தீர்ப்புதான் முக்கியம். இங்கே பேசித் தீர்ப்பதே வைத்தியம்.

● செமாய்களிடம் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். கொடுத்ததைக் கணக்குப் பார்த்ததாக அர்த்தமாகிவிடுமாம்! அவர்களோடு வாழ்ந்த மானிடவியலாளர் ராபர்ட் டென்டன் 1968இல் வெளியிட்ட நூலில் இதைக் குறித்திருக்கிறார்.

● பக்கத்து மலைகளின் தெமியார் மக்கள் தினமும் காலையில் கனவை அலசியே மனநோயில்லாமல் வாழ்கிறார்கள் என்று 1951இல் அமெரிக்கர் கில்டன் ஸ்டூவர்ட் எழுத, அமெரிக்காவில் அது பெரிய மோகமானது. 1985இல் ஆய்வாளர் வில்லியம் டோம்ஹாஃப் அதை மறுத்தார். ஆனால் கனவில் கிடைத்த பாட்டைப் பாடி, ஊரே சேர்ந்து நோயாளிக்குச் சடங்கு செய்வது உண்மை.

● நம் தீமிதி போன்ற சடங்குகளுக்கு வருவோம். ஸ்பெயினில் ஓர் ஊர்த் தீமிதியை அளந்து பார்த்தார்கள் (2011). தணலில் நடந்தவரின் இதயத்துடிப்போடு, பார்த்துநின்ற சொந்தபந்தத்தின் துடிப்பும் ஒத்துப்போனது. வேற்றாள்களிடம் அப்படியில்லை. மொரீஷியஸ் தமிழர்களின் தைப்பூசக் காவடி ஆய்விலும் (2019), அதிகம் அலகு குத்திக்கொண்டவர்களே மனநலம் அதிகம் மேம்பட்டதாகச் சொன்னார்கள்.

● தமிழ்நாட்டு வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளை நிம்ஹான்ஸ் மனநல நிறுவன மருத்துவர்கள் கவனித்தார்கள். மாத்திரையில்லை, மந்திரமில்லை, குடும்பத்தார் துணையிருக்க, கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் வேலை. நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்ததாக 2002இல் அறிவித்தார்கள்.

● அதற்கு முந்தைய வருடம் ஆகஸ்ட் 6ஆம் தேதி, தமிழ்நாட்டு ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான ஒரு காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகினார்கள். நேர்த்திக்கடன் இருக்கட்டும், தூக்கம் கெட்டு, பேச்சு குழம்பினால் மருத்துவரையும் பாருங்கள். கேமரன் மலைக்காரர்களுக்குத் தானா ராத்தாவிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது.