ரிவால்வர் குழலை பட்டறையில் திருப்பினால் 7 ஆண்டு ஜெயில்!

திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் லேத்து பட்டறைகளுக்கு பஞ்சமில்லை. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர் வந்து, "குழல் லேசா திரும்பியிருக்கு, வைஸ்ல புடிச்சு ஒரு திருப்பு திருப்புங்கண்ணே" என்று கேட்டால் கை வைக்காதீங்க.

பல ரிவால்வர்களில் குழல் மரையில் முறுக்கப்பட்டிருக்கும். முறுக்கு கூடினாலோ, குறைந்தாலோ நுனியில் உள்ள குறிமுள் சாய்ந்து, குண்டு ஒரு பக்கமாக விலகும். (கான்பூரில் தயாராகும் சில .32 ரிவால்வர்களில் குழல் கீலில் மடங்கும். அதுக்கு இந்த வைத்தியமே கிடையாது.) வைஸில் நெருக்கினால் துப்பாக்கியின் உடலே முறுக்கிக்கொள்ளும். அப்புறம் தோட்டா உருளையும் குழலும் நேராக நிற்காது. குண்டு குழல் வாயில் உரசி, ஈயச் சில்லு பக்கத்தில் நிற்பவர் மேல் தெறிக்கும்.

1959-ம் ஆண்டு ஆயுத சட்டப்படி துப்பாக்கி பழுது பார்க்கவே தனி லைசென்ஸ் வேண்டும். இல்லாவிட்டால், 2019-ம் ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. துப்பாக்கிக்காரரின் லைசென்ஸ் பட்டறைக்காரரை காப்பாற்றாது. பழுது பார்க்க லைசென்ஸ் உள்ள துப்பாக்கி கடைக்கு அனுப்பி விடுங்க.