டாம் ஹாங்க்ஸ் வைத்த சாம்பார்

ஒரு கட்டுரை நம்மைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறதே, உள்ளே எப்படி இயங்குகிறது? திறந்து பார்க்கத் தோதான ஒன்று இருக்கிறது. நடிகர் டாம் ஹாங்க்ஸ் 2015 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுதியது. சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டுப் படிப்பை இலவசமாக்கலாம் என்று அதிபர் ஒபாமா அப்போதுதான் அறிவித்திருந்தார். (அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்பது அந்த வட்டாரத்துக்காரர்கள் குறைந்த செலவில் இரண்டு ஆண்டு படிக்கும் இடம். பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறிப் பட்டம் முடிக்கலாம்.) ஹாங்க்ஸ் அதை ஆதரித்து எழுதினார். சாம்பார் வைக்கத் தெரிந்தவருக்கு அந்தக் கட்டுரையின் பக்குவம் சட்டென்று பிடிபடும்.

முதலில் பருப்பைக் குழைய வேகவைக்க வேண்டும். ஹாங்க்ஸ் வேகவைப்பது தன்னையே. 1974-ல் ஓக்லாந்தில் பள்ளி முடித்தபோது சுமாரான மாணவர், நுழைவுத் தேர்வில் மட்டமான மதிப்பெண். அதை மூன்று கல்லூரிகளுக்கு அனுப்பலாம். எம்.ஐ.டி., வில்லனோவா என்ற பேர்பெற்ற இரண்டுக்கும் அனுப்பினார். இடம் கிடைக்காது என்று தெரியும். காரில் ஒட்ட ஸ்டிக்கராவது வராதா என்ற நப்பாசைதான். மூன்றாவது, பக்கத்து ஊரான ஹேவர்டில் இருந்த ஷபோ கல்லூரி. எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும், கட்டணமும் கிடையாது. இரண்டு ஆஸ்கர் வாங்கியவர் இப்படித் தொடங்கினால் படிக்கிறவர் மனசு இளகத்தானே செய்யும்?

பிறகு காய்கள். வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்கள், மறுபடி படிக்க வந்த பெண்கள், நல்ல வேலைக்கு ஆசைப்பட்ட நடுவயது ஆண்கள் என்று சக மாணவர்களைத் தனித்தனியாகப் போடுகிறார். ‘மாணவர் சமுதாயம்’ என்று அரைத்து ஊற்றியிருந்தால் ஒரு முகமும் தெரிந்திருக்காது.

அப்புறம் உப்பு, அளவாக. விலங்கியல் வகுப்பில் பழ ஈக்களைக் கவனிக்காமல் சாகவிட்டு, ஃபெயிலாகாமல் தப்பினாராம். வானியலில் எல்லாம் கணக்காக இருக்கவே முதல் மணி நேரத்தோடு கழன்றுகொண்டாராம்.

இனிமேல்தான் புளி. திட்டத்தின் செலவு 6,000 கோடி டாலர். புளியை முன்னாலேயே கரைத்து விட்டால் பருப்பு வேகாது, விறைத்து நிற்கும். அதனால் கட்டுரையின் பின்பகுதி வரை காத்திருக்கிறார். நாடாளுமன்றம் இந்தத் தொகையைப் பார்த்துக் கூச்சல் போடும் என்பதையும், அடுத்தவர் சொல்லுமுன் தானே சொல்லிவிடுகிறார். என் கணக்கில் கட்டுரையின் கெட்டிக்காரத்தனம் முழுக்க இந்த வரிசையில் இருக்கிறது. அரசு அறிக்கைகள் முதல் வரியிலேயே கோடிகளைக் கொட்டிவிட்டு, ஜனங்கள் ஏன் இளகவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

கடைசியில் தாளிப்பு. பிள்ளையோடு காரில் அந்த வளாகத்தைக் கடந்தபோது, தன்னை ஆளாக்கிய இடம் இதுதான் என்று சொன்னதாக முடிக்கிறார். அவருடைய புகழ் சடசடவென்று பொரிவது இங்கேதான்.

வாசனையில் ஒன்று மறந்துபோகிறது. ஒரு நட்சத்திரத்தின் கதை சராசரி மாணவரின் கதை ஆகாது. சமுதாயக் கல்லூரியில் சேர்ந்து பட்டம் வாங்காமலே நின்றுவிடுகிறவர்கள் ஏராளம். வாடகை, வேலை, கைக்குழந்தை என்று காரணங்கள் பல. கட்டணம் அதில் ஒன்று. ஹாங்க்ஸ் அந்தப் பக்கம் போகவில்லை.

நாடு முழுவதற்குமான திட்டம் சட்டமாகவில்லை. ஆரிகன் போன்ற சில மாநிலங்கள் தங்கள் அளவில் கட்டணச் சுமையை ஏற்றன. ஹாங்க்ஸுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அவர் எடுக்காத சாமான் ஒன்று உண்டு: அவர் காசில்லாமல் படித்த கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகள் 1984-லிருந்து கட்டணம் வாங்குகின்றன.