பரணில் ஏறிய ராட்டை

திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925-ல் ஸ்தாபித்த காந்தி ஆசிரமத்துக்கு, ஒரு காந்தி ஜயந்தியன்று என் மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். சேலத்தில் பேர்பெற்ற வக்கீலாயிருந்தவர் அங்கே குடிசை வாழ்வு வாழ்ந்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது என் குரலே தழுதழுத்தது. அன்றிரவே, தினம் அரைமணி நூற்பதென்று பிரதிக்ஞை செய்துகொண்டேன். பதினோரு நாள் நடந்தது. பன்னிரண்டாம் நாள் பரீட்சைத் தாள்கள் வந்து சேர்ந்தன. பெட்டி ராட்டை பரணில் ஏறிற்று.

"உங்கள் ராட்டைக்கும் வருஷத்துக்கொரு உத்ஸவந்தான் போலிருக்கிறது" என்றாள் என் மனைவி. அதோடு விட்டாளா? "என்னிடமும் அப்படித்தானே? கல்யாண நாளில் பட்டுப் புடவை. மற்ற நாளெல்லாம் 'காப்பி' என்ற ஒரே வார்த்தை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பதில் தேடிப் புஸ்தகங்களைப் புரட்டியபோது, இதே வழக்கை யூதர்கள் ஈராயிரம் வருஷங்களாக நடத்தி வருவது தெரிந்தது. கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் அவர்களது தர்ம நூலில் 'கேவா' என்றொரு சொல் வருகிறது. நியமம், மாறாத வழக்கம் என்று பொருள். வேதம் படிப்பதைக் கேவாவாக வைத்துக்கொள் என்கிறார் ஒரு பெரியவர். பிரார்த்தனையைக் கேவாவாக்கினால் அது மன்றாட்டே ஆகாது என்கிறார் மற்றொருவர். இரண்டும் ஒரே நூலில் இருக்கின்றன. எதையும் எவரும் அடித்துவிடவில்லை. உள்ளம் ஒன்றுவதற்கு அவர்கள் இட்ட பெயர் 'கவானா'. நமது 'கவனம்' போல ஒலிக்கிறது. உறவு கொண்டாட வேண்டாம்.

விவாகத்தில் அவர்கள் செய்வது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. மணவிதானத்தின் கீழ், எல்லோரும் கண்கலங்கி நிற்கும் நேரத்தில், 'கெதுபா' என்ற பத்திரத்தை அராமிய மொழியில் உரக்கப் படிக்கிறார்கள். அதில் காதலைப்பற்றிப் பேச்சே இல்லை. மனைவிக்கு உணவும் உடையும் அளிக்கும் கடமையும், கணவன் இறந்தாலோ விலக்கினாலோ அவளுக்குச் சேரவேண்டிய தொகையுமே இருக்கின்றன. பத்திரம் மணமகள் கையில் ஒப்படைக்கப்படுகிறது. பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அஸ்தமனத்துக்கு முன் விளக்கேற்றுகிறாள். கணவன், நீதிமொழிகளிலிருந்து மனைவியின் பெருமையைப் பாடுகிறான். பாட மனமிருந்தாலும் இல்லாவிட்டாலும் வெள்ளிக்கிழமை வந்துவிடுகிறது!

இந்த யூதர்கள் நமக்கு அயலாரல்ல. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் எழுந்த பரதேசி யூதர் கோயிலில், விடுதலை பெற்ற அடிமைகளின் சந்ததியாருக்குச் சம உரிமை மறுக்கப்பட்டிருந்தது. அவர்களில் ஒருவர் வக்கீல் ஏ. பி. சேலம் (1882–1967). பெயரில் நமது ஊர் இருந்தாலும் அவர் கொச்சிக்காரர். 1929 லாகூர் காங்கிரஸுக்குப் போய்வந்த தேசபக்தர். கோயிலைச் சிலகாலம் பகிஷ்கரித்துப் பார்த்தார், சத்தியாக்கிரகத்தையும் கைக்கொண்டார். 1930-களின் நடுவில் பழைய தடைகள் பல தளர்ந்தன. 1950-ல் அவருடைய குமாரர் ஒருவர் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். அந்தப் போராட்டத்துக்கும் இந்தக் கல்யாணத்துக்கும் இடையே எத்தனை சாதாரண நாட்கள்!

அவர்களது கூட்டுப் பிரார்த்தனைக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். கொச்சி யூதர்களில் மிகப் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடியேறியபின், பத்துப் பேர் சேர்வதே அரிதாகிவிட்டது. சீனத்து ஓடு பதித்த அந்த அழகிய கூடத்தில் ஒன்பது பேர் எவ்வளவு உள்ளம் உருகினாலும் போதாது. பத்தாவது ஆள் வந்து உட்கார வேண்டும்.

சென்ற வாரம் ராட்டையை இறக்கினேன். கயிறு இற்றுப்போயிருந்தது. மனைவி எங்கிருந்தோ வேறு கயிறு தேடிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். அன்று காந்தி ஜயந்தியுமல்ல, எங்கள் கல்யாண நாளுமல்ல. நூல் அறுந்துகொண்டேயிருந்தது, நாங்கள் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.