குளம்புடைய விலங்குகளின் கால்முறிவும் உலோகத் தகடும்

மன்னார்த் தீவின் தெருக்களிலே உரிமையாளரின்றி அலையும் கழுதைகளை அறியாதார் இலர். முற்காலத்து அராபிய வணிகர் கொணர்ந்தவற்றின் வழிவந்தவை இவை என்பர். பொதிசுமக்கும் தொழிலைப் பறித்துக்கொண்ட மோட்டார் வாகனங்களே இன்று இவற்றின் கால்களையும் முறிக்கின்றன. காயமுற்ற கழுதைகளைப் பேணுதற்கெனப் 'பிரிட்ஜிங் லங்கா' என்னும் தொண்டு நிறுவனம் மன்னாரில் ஒரு சிகிச்சை நிலையத்தை நிறுவியது. கால் என்பு முறிந்த விலங்கு பிழைக்குமா என்பது, ஆதலின், இங்கு வெறும் ஏட்டுவினாவன்று.

மனிதனைப் படுக்கையிற் கிடத்தலாம். குளம்புடைய விலங்கோ மயக்கம் தெளிந்ததும் எழுந்து நிற்க முனையும். முறிந்த என்பு அன்றே பாரந் தாங்கவேண்டும். இதற்கு உதவுவதே தகடு. 1886இல் ஜேர்மனியிலே ஹான்ஸ்மன் என்பார் தகடு பொருத்தும் முறையை வெளியிட்டார். 1958இல் சுவிற்சர்லாந்தில் அமைந்த 'ஏ.ஓ.' குழுவினர் அதனைச் செம்மையுறச் செய்தனர். தகட்டின் துளைவிளிம்பு சாய்வானது. திருகாணியை இறுக்குங்கால் அதன் தலை அச்சாய்வில் வழுக்க, என்பு முறிவை நோக்கி நகர்ந்து, முனைகள் இரண்டும் நெருக்குண்ணும். இந்நெருக்கமே உயிர்நிலை. தகடு தனித்துப் பாரந் தாங்குவதன்று. என்பும் உடன்தாங்காவிடின், பலகால் வளைக்கப்பட்ட கம்பிபோல் உலோகம் களைத்து முறியும்.

இலங்கையில் இயற்கையாக வாழும் இரலையினம் எதுவுமில்லை. எனினும் பாக்கு நீரிணைக்கு அப்பால், 1967இல் சரணாலயமாக்கப்பட்ட கோடிக்கரையிலே, புல்வாய் மந்தைகள் உள. வளர்ந்த ஆண் புல்வாயின் எடை பெரும்பாலும் நாற்பது கிலோ அளவினதே. மனிதருக்கென ஆக்கிய சிறு தகடுகளே அதற்குப் பொருந்தும். மூன்று கால்களில் நின்று சமாளிக்கவும் அது வல்லது. ஆனால் துரத்திப் பிடிக்கப்பட்ட இரலையின் தசைகள் அச்சத்தாலும் ஓட்டத்தாலும் சிதைந்து, அச்சிதைவுப் பொருள் சிறுநீரகத்தை அடைக்க, சில நாளில் அது இறத்தலும் உண்டு. சத்திரசிகிச்சை குறைவின்றி முடிந்தும் நேரும் இழப்பு இது!

கழுதை மனிதரோடு பழகியது. அதற்குப் பகை அதன் பாரமே. குதிரையினத்தின் இடர்ப்பாட்டுக்கு அமெரிக்கப் பந்தயக் குதிரை பார்பரோ சான்று. 2006இல் அதன் பின்னங்கால் தகட்டாலும் இருபத்தேழு திருகாணிகளாலும் பொருத்தப்பட்டது. நோவுற்ற காலைத் தவிர்த்துப் பாரம் முழுவதும் எதிர்க்காலிற் சாய, அக்குளம்பில் அழற்சி கண்டது. துன்பம் பெருகவே 2007 சனவரியில் அது கருணைக்கொலை செய்யப்பட்டது.

முழங்காலுக்குக் கீழே இவ்விலங்குகளுக்குத் தசைப்போர்வை இல்லை, தோலொன்றே காவல். கூரிய முறிமுனை தோலைக் கிழித்தால் தெருமண் உட்புகும். புண் சீழ்கொண்டால் திருகாணிகள் தளரும். ஆகவே முறிவு கண்ட இடத்திலேயே, விலங்கைத் துரத்தாது, புண்ணைத் தூய துணியால் மூடி, பஞ்சு சுற்றி, முறிவின் மேல்மூட்டையும் கீழ்மூட்டையும் அடக்கி மரச்சிம்பு கட்டல் வேண்டும். மிருகவைத்திய பீடம் அமைந்த பேராதனை மலைநாட்டிலுள்ளது. மன்னாரிலிருந்து அங்குச் செல்லும் பல மணிநேரப் பயணம் முழுவதும் முறிவை அசையாது காப்பது அச்சிம்பே.